ஜிம் கார்பெட்டும் மரக்கட்டைத் துப்பாக்கியும்

மாந்தர்க்கு ஆயுள் உண்டாதல் போல அவர் கைக்கொண்ட கருவிகட்கும் ஆயுள் உண்டு. அக்ரூட் மரத்திற் செதுக்கிய கட்டையின்மேல் எஃகுக் குழல் பொருந்திய வேட்டை ரைபிள், பல தலைமுறைகள் வேட்டுவர் கையில் வாழ்ந்து, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் தேய்ந்து வருகின்றது. அத்தேய்வு துயருறத் தக்கதோ என்று ஆராயப் புகுவார்க்கு, அத்தகைய துப்பாக்கி ஒன்றினை நெடுங்காலம் தோளிற் சுமந்த ஜிம் கார்பெட்டின் வரலாறு நல்லதொரு விளக்காகும் என்று நாம் கருதுகிறோம்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தபால் நிலையத் தலைவர். 1881-இல் அவர் காலஞ்செல்லவே, பெரிய குடும்பத்தின் பாரம் முழுவதும் தாயார்மேல் விழுந்தது. கோடையில் நைனிதாலும் குளிர்காலத்திற் காட்டருகேயுள்ள காலாதுங்கியும் இவர்கட்கு உறைவிடமாயின. கவணும் வில்லும் கொண்டு காட்டிற் பயின்ற சிறுவர்க்கு முதலில் வாய்த்த துப்பாக்கி, மருந்தைக் குழல்வாயில் இட்டுக் கெட்டிக்கும் பழைய இரட்டைக் குழலே. அதன் குழல்களில் ஒன்று பிளந்திருந்தது. கட்டையோ முறிந்து, பித்தளைக் கம்பியாற் சுற்றி இறுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய ஒரு குழலால் ஒருமுறையே சுடலாகும் ஆதலின், சுடுமுன் நன்கு நோக்குதலும், நோக்குமுன் பொறுத்திருத்தலும் இளமையிலேயே இவர்க்கு இயல்பாயின என்னலாம்.

வாலிபராகி இருப்புப்பாதை உத்தியோகத்திற் புகுந்த கார்பெட், கங்கைக்கரையிலுள்ள மோகாமே காட் என்னுமிடத்திற் சரக்குகளை ஏற்றி இறக்கும் பொறுப்பை ஏற்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். இக்காலத்தில் நேபாளத்திலும் குமாவுன் மலைநாட்டிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் வீழ்த்தினார். ஈண்டு ஒரு வியப்பு உளது. தம்மிடமிருந்த தோட்டாக்கள் தீர்ந்துபோகவே, உடன்வந்த தாசில்தாரின் துப்பாக்கியை இரவல் வாங்கியே இறுதிக் குண்டைச் செலுத்தினார். அவ்வெற்றியைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்துத் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவர்கட்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். ஜெர்மனி தேசத்து மௌஸர் வகுத்த பொறியும், லண்டன் ரிக்பி கம்பெனியாரின் வேலைப்பாடும், அக்ரூட் மரக்கட்டையும் உடையது அது. குழல் 0.275 அங்குல அளவினது. பரிசளித்த காரணத்தைக் கூறும் வெள்ளித் தகடு ஒன்று கட்டையிற் பதிக்கப்பெற்றது.

துப்பாக்கிக்குக் கட்டை வெறும் பிடியன்று. தோளிற் பொருந்திக் கன்னத்தோடு இயைந்து, கண்ணையும் குழலையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது அதுவே. கனம் குறைந்து கைக்கு அடங்கிய இந்த ரைபிளின் அருமை, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் விளங்கிற்று. சௌகர் என்னும் ஊரை நடுங்கச் செய்த ஆட்கொல்லிப் பெண்புலியைத் தேடி ஓர் ஓடையில் இறங்கிய கார்பெட்டின் இடக்கையில், அப்போதுதான் எடுத்த பறவை முட்டைகள் இருந்தன. திரும்பி நோக்கின், எட்டடித் தொலைவிற் புலி! விரைந்து அசைந்தால் உயிர் போகும். வலக்கை ஒன்றினாலேயே துப்பாக்கியை இம்மி இம்மியாகத் திருப்பிச் சுட்டு அதனை வீழ்த்தினார். பின்னர் அம்முட்டைகளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். கொல்லவும் காக்கவும் அறிந்த கை அது.

ஆயினும் இவரைக் குற்றமே அற்றவராகப் புனைதல் நேர்மையாகாது. மக்களுக்குத் தீங்கு செய்யாத பவல்கார் புலியையும் அதே 1930-இல் வேட்டையாடினார். எனினும், காடு வறிதாதலைக் கண்ட அவருள்ளம் படிப்படியாக மாறியது. ருத்திரப்பிரயாகையில் எட்டாண்டுகளில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையை 1926-இல் ஒழித்தவர், துப்பாக்கி பிடித்த கையிலே சலனப்படக் கருவியை ஏந்திப் புலிகளைப் படமெடுக்கலானார். 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா அமைதற்குத் துணைநின்றார். ‘குமாவுன் ஆட்கொல்லிகள்’ என்னும் பொருளமைந்த அவரது ஆங்கில நூல் 1944-இல் வெளிவந்து உலகெங்கும் அவர் பெயரைப் பரப்பியது.

மரக்கட்டைத் துப்பாக்கி மங்கியதற்கு அயல்நாடுகளில் ஒரு காரணமும், நம் நாட்டில் வேறொரு காரணமும் உள. மரம் மழையில் ஊதும், வெயிலிற் சுருங்கும், அதனாற் குழல் நெருக்குண்டு குறி பிறழும். நல்ல வரியோடிய அக்ரூட் மரம் வளரப் பல்லாண்டுகள் வேண்டும். செதுக்கவோ தேர்ந்த கைவினைஞர் வேண்டும். 1959-இல் அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனியார் நைலான் கட்டையுடைய சிறு ரைபிளை வெளியிட்டனர். பின்னர்க் கண்ணாடி இழைக் கட்டைகளும் வந்தன. அச்சில் வார்த்த அவை ஈரத்திற்கு அஞ்சா, விலையும் மலிவு. எளிய விலை ரைபிள்களில் மரத்தைக் காண்பது இன்று அரிதாயிற்று. நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கே முடிவு கட்டின. அங்கே கருவி மாறியது. இங்கே கருவிக்குத் தொழிலே இல்லாதொழிந்தது.

1947-இல் தமக்கையார் மேகியுடன் கென்யா சென்ற கார்பெட், 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் நையேரி என்னும் ஊரில் உயிர்நீத்தார். காலாதுங்கியை அடுத்த தம் நிலங்களை ஆங்கு உழுத குடிகளுக்கே விட்டிருந்தார். ஹெய்லி பூங்கா பின்னர் அவர் பெயரைத் தாங்கிற்று; 1973-இற் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அப்பூங்காவிலேயே. ரைபிளோ அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அச்சகத்தாரைச் சேர்ந்து, 2015-இல் அதனைச் செய்த ரிக்பி கம்பெனியாரிடமே மீண்டது. 2016-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டபோது, அது சுடுதற்கு வரவில்லை, காணுதற்கே வந்தது.

கைவினைஞர் அருந்தொழில் நலிதல் கண்டு நாம் வருந்துவது முறையே. ஆயினும், கட்டை அழகிய மரமாயிருத்தலாற் கொலை அழகியதாகிவிடாது. ஒரு தோட்டாவை வீணாக்க அஞ்சிய பொறுமையும், வேண்டாத போது கருவியைக் கீழே வைக்கும் துணிவும் கார்பெட்டினிடம் இருந்தன. அவை மரத்தோடு மறைதல் வேண்டுவதில்லை. எக்கருவியை ஏந்தினும் அவற்றை நாமும் கைக்கொள்ளலாம்.