ஹிட்லர் ஊரிலேயே ஹிட்லருக்கு எதிராக சுவரில் எழுதிய மாணவர்... யார் இந்த ஹான்ஸ் ஷோல்?

1943 பிப்ரவரி 4, காலை நேரம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேலைக்குக் கிளம்பியவர்கள் கண்ணில் பட்டது சுவர் எழுத்து. ஹிட்லர் ஒழிய வேண்டும் என்று தார் பெயின்ட்டில் எழுதியிருந்தது. பல்கலைக்கழகம் இருக்கும் லுட்விக் தெருவிலும் அதைச் சுற்றியும் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அதே எழுத்து. பக்கத்திலேயே, கோடு போட்டு அடிக்கப்பட்ட ஸ்வஸ்திகா சின்னம்.

நாஜி கட்சி பிறந்ததே மியூனிக்கில்தான். அந்த ஊரிலேயே இப்படி எழுதியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதியவருக்கு வயது 24. ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே டாக்டருக்குப் படித்த மாணவர். பெயர் ஹான்ஸ் ஷோல்.

தங்கை சோஃபி ஷோலை உலகம் முழுக்கத் தெரியும். அண்ணன் கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. யார் இவர்? ஏன் பெயர் போடாமல் எழுதினார்? அதற்கு என்ன தண்டனை கிடைத்தது? பார்க்கலாம்.

ஹிட்லரை நம்பிய சிறுவன்

ஹான்ஸ் பிறந்தது 1918 செப்டம்பர் 22. அப்பா ராபர்ட் ஷோல் சிறு ஊர்களில் மேயராக இருந்தவர். அவருக்கு ஹிட்லரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. மகனுக்கோ நேர்மாறு. 1933-ல் அப்பா பேச்சை மீறி ஹிட்லர் இளைஞர் படையில் சேர்ந்தார் ஹான்ஸ். நன்றாகச் செயல்பட்டு சிறுவர்கள் குழு ஒன்றுக்குத் தலைவராகவும் ஆனார். நியூரம்பெர்க் கட்சி மாநாட்டில் கொடி பிடித்துப் போகும் வாய்ப்பும் கிடைத்தது.

ஆனால் அங்கிருந்து திரும்பி வந்தவர் பழைய ஹான்ஸ் இல்லை. சீருடை, அணிவகுப்பு, ஒரே மாதிரி கோஷம் எல்லாமே சலித்துவிட்டது. தனியாகப் பாட்டுப் பாடி, மலையேறி, புத்தகம் படிக்கும் இன்னொரு இளைஞர் குழுவோடு சுற்ற ஆரம்பித்தார். அந்த மாதிரிக் குழுக்களை அரசு ஏற்கெனவே தடை செய்திருந்தது. 1937 டிசம்பரில் கைது. தடை செய்யப்பட்ட குழுவில் இருந்தது, தன்பாலின உறவு என இரண்டு குற்றச்சாட்டுகள். அடுத்த ஆண்டு பொது மன்னிப்பில் வழக்கு முடிந்தது. ஆனால் சட்டம் எவ்வளவு தூரம் வீட்டுக்குள் வரும் என்பதை 20 வயதுக்குள்ளேயே அவர் பார்த்துவிட்டார்.

பேசினாலே ஜெயில்... எப்படி?

இங்கே அந்தக் காலத்துச் சட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

1933 பிப்ரவரி 27-ம் தேதி ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே ஓர் அவசர ஆணை வந்தது. பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை, கடிதத்தின் ரகசியம் எல்லாம் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைப்பு. அந்த மறு அறிவிப்பு நாஜி ஆட்சி முடியும்வரை வரவே இல்லை. அதே ஆண்டு ஜூலையில் நாஜி கட்சி தவிர வேறு கட்சியே கூடாது என்று இன்னொரு சட்டம்.

1934-ல் அரசியல் வழக்குகளுக்கென மக்கள் நீதிமன்றம் என்ற பெயரில் தனி நீதிமன்றம். அதே ஆண்டு டிசம்பரில், ஆட்சியையும் தலைவர்களையும் பற்றித் தப்பாகப் பேசினாலே ஜெயில் என்ற சட்டம். போர் தொடங்கிய பிறகு இன்னும் மோசம். ராணுவத்தின் மன உறுதியைக் குலைக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாலும் மரண தண்டனை வரை போகலாம்.

இது ஏதோ காகிதத்தில் மட்டும் இருந்த சட்டம் இல்லை. ஹான்ஸின் அப்பாவே இதில் மாட்டினார். அலுவலகத்தில் ஹிட்லரைத் திட்டிப் பேசியதைக் கூட வேலை பார்த்தவரே போட்டுக்கொடுக்க, 1942-ல் அவருக்கு நான்கு மாத ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.

சுருக்கமாகச் சொன்னால், ஊர்வலம் போக முடியாது, கூட்டம் போட முடியாது, பத்திரிகையில் எழுத முடியாது. பெயரோடு எதையும் சொல்ல முடியாது. பெயர் இல்லாமல் சொல்வது ஒன்றுதான் மிச்சம்.

வெள்ளை ரோஜா

1942 ஜூன், ஜூலை மாதங்களில் ஹான்ஸும் நண்பர் அலெக்சாண்டர் ஷ்மோரலும் சேர்ந்து நான்கு துண்டறிக்கைகள் எழுதினார்கள். அதன் தலைப்பு வெள்ளை ரோஜா. ஒவ்வொன்றிலும் சுமார் 100 பிரதிகள்தான். டைப் அடித்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் பிரதி எடுத்து, தபாலில் அனுப்பினார்கள். போலந்தில் மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை இரண்டாவது துண்டறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. ஜெர்மனிக்குள் அதை எழுத்தில் சொன்னவர்கள் அப்போது மிகக் குறைவு.

பிறகு சில மாதம் ரஷ்யப் போர்முனையில் மருத்துவப் பணி. நவம்பரில் திரும்பி வந்தவர்கள் வேலையைப் பெரிதாக்கினார்கள். சோஃபி, வில்லி கிராஃப், கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட், பேராசிரியர் குர்ட் ஹூபர் ஆகியோரும் இந்த வட்டத்தில் இருந்தார்கள். 1943 ஜனவரியில் வந்த ஐந்தாவது துண்டறிக்கை பல ஆயிரம் பிரதிகள். ஒரே ஊரிலிருந்து அனுப்பினால் சந்தேகம் வரும் என்பதால் ரயிலில் போய் வேறு வேறு நகரங்களில் தபால் பெட்டியில் போட்டார்கள். கெஸ்டபோ எனும் ரகசிய போலீஸுக்கு எங்கே தேடுவது என்றே புரியவில்லை.

காகிதம் இருக்க, சுவர் எதற்கு?

1943 பிப்ரவரி 3-ம் தேதி ஸ்டாலின்கிராட் தோல்வியை ஜெர்மன் வானொலி ஒப்புக்கொண்டது. லட்சக்கணக்கான வீரர்களை இழந்த போர் அது. அன்று இரவே ஹான்ஸும் ஷ்மோரலும் பெயின்ட் டப்பாவோடு தெருவில் இறங்கினார்கள். ஷ்மோரல் செய்து வைத்திருந்த அச்சுத் தகட்டைச் சுவரில் வைத்துப் பூச வேண்டியதுதான். ஒருவர் எழுத, இன்னொருவர் காவல். ஹான்ஸ் கையில் துப்பாக்கி இருந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் இன்னும் இரண்டு இரவுகள். வில்லி கிராஃபும் சேர்ந்துகொண்டார். பல்கலைக்கழக வாசலில் சுதந்திரம் என்ற ஒற்றைச் சொல்லைப் பெரிதாக எழுதினார்கள்.

துண்டறிக்கை கையில் கிடைத்தால் படிக்கிறவருக்கே பயம். வைத்திருந்தாலே ஆபத்து என்பதால் பலர் நேராக போலீஸில் கொடுத்துவிடுவார்கள். சுவர் அப்படி இல்லை. நடந்து போகிறவர் கண்ணில் தானாகப் படும், பார்த்தவரைப் பிடிக்க முடியாது. எல்லோரும் ஹிட்லர் பக்கம்தான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த ஊரில், அப்படி இல்லாத ஒருவராவது இருக்கிறார் என்பதை அந்த எழுத்து காட்டிவிட்டது. பெயர் இல்லாததால் அது யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அரசுக்குப் பயம் வந்தது அதனால்தான்.

பெண் தொழிலாளர்களை வைத்து எழுத்துகளைத் தேய்த்து அழித்தார்கள். தார் பெயின்ட் லேசில் போகவில்லை.

நான்கே நாளில் தண்டனை

சுவரில் எழுதிய மூன்று இரவிலும் யாரும் மாட்டவில்லை. மாட்டியது பகலில். பிப்ரவரி 18-ம் தேதி ஹான்ஸும் சோஃபியும் ஒரு பெட்டி நிறைய ஆறாவது துண்டறிக்கையை பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போனார்கள். வகுப்பு நடக்கும்போதே வாசல்களில் வைத்தார்கள். மிச்சம் இருந்ததை மாடியிலிருந்து சோஃபி தள்ளிவிட்டார். பார்த்த ஊழியர் பிடித்துக் கொடுத்துவிட்டார். ஹான்ஸ் பையில் புரோப்ஸ்ட் கைப்பட எழுதிய இன்னொரு வரைவு இருந்தது. கிழித்துப் போடப் பார்த்தும் முடியவில்லை. அதனால் புரோப்ஸ்ட்டும் கைதானார். அவருக்கு மூன்று சின்னக் குழந்தைகள்.

வியாழக்கிழமை கைது, திங்கட்கிழமை விசாரணை. பெர்லினிலிருந்து வந்தார் மக்கள் நீதிமன்றத் தலைவர் ரோலண்ட் ஃப்ரைஸ்லர். தேசத்துரோகம், எதிரிக்கு உதவியது, ராணுவ மன உறுதியைக் குலைத்தது எனக் குற்றச்சாட்டுகள். சில மணி நேரத்தில் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. பெற்றோரைக் கடைசியாகப் பார்க்கச் சில நிமிடம் அனுமதித்தார்கள். 1943 பிப்ரவரி 22 மாலை 5 மணிக்கு ஸ்டாடல்ஹைம் சிறையில் மூவரின் தலையும் வெட்டப்பட்டது. ஹான்ஸுக்கு 24 வயது, புரோப்ஸ்ட்டுக்கு 23, சோஃபிக்கு 21.

அன்று இரவே பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில், பிடித்துக்கொடுத்த ஊழியருக்கு மாணவர்கள் கைதட்டினார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். ஷ்மோரல், ஹூபர், கிராஃப் மூவருக்கும் அதே ஆண்டில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பிறகு என்ன ஆனது?

ஆறாவது துண்டறிக்கை எப்படியோ நாட்டை விட்டு வெளியேறி பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதை லட்சக்கணக்கில் அச்சடித்து, 1943 கோடையில் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மன் நகரங்கள் மேல் போட்டன.

சட்டம் மட்டும் ரொம்ப மெதுவாகத்தான் வந்தது. மக்கள் நீதிமன்றம் ஒரு நீதிமன்றமே இல்லை, பயமுறுத்தும் கருவி என்று ஜெர்மன் நாடாளுமன்றம் அறிவித்தது 1985-ல். அதன் தீர்ப்புகள் சட்டப்படி ரத்தானது 1998-ல். அதாவது ஹான்ஸ் ஷோல் இறந்து 55 ஆண்டுகள் கழித்து.

இன்று அந்தப் பல்கலைக்கழக வாசலில் இருக்கும் சதுக்கத்துக்கு ஷோல் உடன்பிறப்புகள் பெயர்தான். தரையில் சிதறிக் கிடக்கும் துண்டறிக்கைகள் போலவே செய்து பதித்திருக்கிறார்கள். பெயர் போடாமல் எழுதியவரின் பெயர், அவர் எழுதிய அதே வாசலில் இப்போது பலகையில் இருக்கிறது.