டிஸ்க் பிரேக் கண்ட மேதை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கான்சாபுரத்துக்குப் பழைய கார் ஒன்று போவதாக வைத்துக்கொள்வோம். பல வருடம் ஷெட்டில் தூங்கிய கார். சொந்தக்காரர் ஆசை ஆசையாகப் பழுது பார்த்து, பெயிண்டு அடித்து, சாலைக்குக் கொண்டு வந்திருக்கிறார். திடீரென்று வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே வருகிறது. பிரேக்கை மிதிக்கிறார். கார் நிற்கவில்லை! மயிரிழையில் உயிர் தப்புகிறது.

டிஸ்க் பிரேக்கே மோசம் என்று அவர் நினைக்கலாம். ஆனால் அது தவறு. இதே தவறான தீர்ப்பைத்தான் உலகம் அந்தப் பிரேக்கைக் கண்ட மேதைக்கும் அளித்தது. அவர் பெயர் பிரெடரிக் லான்செஸ்டர்.

கட்டிடக் கலைஞரின் மகன்

1868-ம் ஆண்டு அக்டோபர் 23-ந்தேதி லண்டனில் பிறந்தார் லான்செஸ்டர். தந்தை கட்டிடக் கலைஞர். மகனுக்கோ எந்திரங்கள் மீது மோகம். பட்டம் எதுவும் பெறாமலே படிப்பை விட்டு, பர்மிங்காம் நகரில் எரிவாயு என்ஜின் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார்.

1895-ல் சொந்தமாக ஒரு மோட்டார் கார் செய்தார். மறு ஆண்டு அது சாலையில் ஓடியது. 1899-ல் சகோதரர்களோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். பிற்காலத்தில் நம் நாட்டு ராஜாக்களும் லான்செஸ்டர் கார்களை விரும்பி வாங்கினார்கள். ஆல்வார் மகாராஜா, குதிரை பூட்டும் ராஜரதம் போலவே தோற்றம் கொண்ட லான்செஸ்டர் கார் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினார்.

தட்டைக் கவ்வும் தாடை

காரை ஓட வைத்தவருக்கு, அதை நிறுத்தும் கவலையும் இருந்தது. சக்கரத்தோடு சுழலும் மெல்லிய உலோகத் தட்டு. அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் தாடை. இந்த யோசனைக்கு 1902-ல் காப்புரிமை பெற்றார். இதுவே இன்றைய டிஸ்க் பிரேக்கின் மூலம்.

யோசனை பிரமாதம். காலம்தான் கைகொடுக்கவில்லை. கவ்வும் இடத்தில் வைக்கச் செம்பைத் தவிர நல்ல பொருள் கிடைக்கவில்லை. உலோகத்தோடு உலோகம் உரசி, காதைப் பிளக்கும் சத்தம் எழுந்தது. மண் சாலைப் புழுதி செம்பைச் சீக்கிரம் தேய்த்தது. கால் கொடுக்கும் பலத்தைப் பெருக்கித் தர இன்றுள்ள ஆயில் குழாயும் பூஸ்டரும் அன்று இல்லை. உலகம் டிரம் பிரேக்கின் பக்கம் போய்விட்டது.

வறுமையில் முடிவு

லான்செஸ்டர் சோர்ந்துவிடவில்லை. விமானம் பறப்பது எப்படி என்று ஆராய்ந்து 1907-லும் 1908-லும் இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். 1922-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. 1931-ல் கார் கம்பெனி பிறர் கைக்குப் போனது. முதுமையில் நடுக்குவாதம் பீடித்தது. பார்வை மங்கியது. பிறர் உதவியால்தான் சொந்த வீட்டிலேயே வாழ முடிந்தது. 1946-ம் ஆண்டு மார்ச் 8-ந்தேதி, 77-வது வயதில் காலமானார்.

ஏழே ஆண்டுகள் சென்றன. 1953-ல் பிரான்சு நாட்டின் லெமான் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் முதலாவதாக வந்தது. உலகமே அந்தப் பிரேக்கைத் திரும்பிப் பார்த்தது. பார்க்க அவர்தான் இல்லை! 1962-ல் சென்னையிலும் பிரேக் தயாரிக்க ஒரு கம்பெனி தோன்றியது: பிரேக்ஸ் இந்தியா.

குறை எங்கே?

அன்று தட்டில் குறை இல்லை. காலுக்கும் தட்டுக்கும் இடையில்தான் குறை. இன்றைய பழைய காரிலும் பெரும்பாலும் அப்படித்தான்.

பெடல் பஞ்சு போல அமுங்குகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கும். ஏர் எடுக்க வேண்டும். மிதித்தபடி இருக்கும்போதே மெல்ல இறங்குகிறதா? எங்காவது ஆயில் கசியும், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கும். கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம்.

பெடல் கல் போல இருந்தும் கார் நிற்கவில்லையா? பூஸ்டரைப் பாருங்கள். டிரம்மில், சுழற்சியே ஷூவை இழுத்து இறுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. என்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு பெடலை அழுத்திக்கொண்டே என்ஜினைக் கிளப்புங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ அதன் குழாயோ பழுது. இறங்கியும் கார் நிற்காவிட்டால், பேடில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது அது கண்ணாடி போல வழவழத்திருக்கும்.

பிரேக் சரியாகும்வரை கார் ஷெட்டிலேயே இருக்கட்டும். பெயிண்டு எத்தனை பளபளத்தாலும், நிற்கத் தெரியாத கார் கார் அல்ல. கான்சாபுரம் சாலையில் அந்தக் கார் நின்ற இடத்தில் நிற்கும் நாளில், லான்செஸ்டரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.