பாடம் படித்த மன்னர்



உங்கள் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூலைப் புரட்டும்போது, இம்மொழி ஆதிமுதலே அறிஞர் மொழியாகவும் அரசாளும் மொழியாகவும் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அதைப் பேசிய மக்களே அழிந்துபோகும் நிலையில் இருந்தனர். கல்வி என்றால் அன்று இலத்தீன்தான். அந்நாளில் தம் மக்களையும் அவர்கள் மொழியையும் ஒருங்கே காத்தவர், மகா அல்பிரட் என்று போற்றப்படும் மன்னர்.

இங்கிலாந்து அக்காலத்தில் ஒரே நாடாக இருக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டு தொடக்கம் ஜெர்மானியக் கரைகளிலிருந்து வந்து குடியேறியோர் பல சிற்றரசுகளை அமைத்திருந்தனர். அவர்களது பேச்சே ஆங்கிலத்தின் வேர். பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார் அனுப்பிய துறவிகள் 597இல் அங்கு வந்திறங்கினர். அவர்கள் கொணர்ந்த வேதத்தோடு இலத்தீன் எழுத்தும் வேரூன்றியது.

தெற்கிலிருந்த வெசெக்ஸ் அரசின் மன்னருக்குக் கடைசி மகனாக அல்பிரட் ஏறக்குறைய 849இல் பிறந்தார். அவருடைய நண்பரான ஆயர் ஆசர் எழுதிய வரலாற்றில் ஓர் இனிய செய்தி உண்டு. தாயார் ஒருநாள் அழகிய ஆங்கிலப் பாடல் நூலொன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டி, முதலில் கற்பவருக்கே அது சொந்தம் என்றாராம். வாசிக்கத் தெரியாத சிறுவன் அல்பிரட் ஆசிரியரிடம் ஓடி, அவர் வாசிக்கக் கேட்டு மனனஞ் செய்து, தாயிடம் ஒப்புவித்துப் பரிசைப் பெற்றுக்கொண்டான். அந்த ஆசை அவரை இறுதிவரை விட்டகலவில்லை.

ஆனால் அவர் கைக்கு வந்தது புத்தகமன்று, வாள். கடல் கடந்து வந்த டேனியர் மடங்களைக் கொள்ளையிட்டு, அரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தினர். 871இல் தமையன் இறக்க, இருபது வயதைச் சற்றே கடந்த அல்பிரட் அரியணை ஏறினார். 878ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டேனியத் தலைவன் குத்ரும் திடீரெனத் தாக்கவே, மன்னர் சிலரோடு அதெல்னி என்னும் சதுப்பு நிலத்தில் ஒளிந்து வாழ நேர்ந்தது. அங்கே ஒரு குடியானவப் பெண்ணின் அப்பங்களைக் கருகவிட்டு ஏச்சு வாங்கினார் என்ற கதை பிற்காலத்தார் சேர்த்தது. அதே ஆண்டு மே மாதத்தில் படை திரட்டி, எடிங்டனில் பகைவரை முறியடித்தார்.

வெற்றி பெற்றவர் பழிவாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குத்ரும் ஞானஸ்நானம் பெற்றான். அல்பிரட்டே அவனுக்கு ஞானத்தந்தையாக நின்றார். பின்னர் எல்லை வகுத்து இருவரும் உடன்படிக்கை செய்தனர். டேனியர் அயலவராகவே வாழ்ந்தமையால் இரு மொழிகளும் கலந்தன. வானத்துக்கு ஸ்கை, முட்டைக்கு எக், ஜன்னலுக்கு விண்டோ என்று பிள்ளைகள் சொல்வதெல்லாம் அந்த வட நாட்டார் விட்டுச்சென்ற சொற்களே.

போர் ஓய்ந்ததும் மன்னர் கண்டது வேறோர் அழிவு. நூல்கள் எரிந்துபோயின, இலத்தீனில் செபித்த குருமாருள்ளும் அதன் பொருள் விளங்கியோர் அரிதாயினர். அல்பிரட் துணிந்து ஒரு முடிவெடுத்தார். எல்லோரும் அறியவேண்டிய நூல்களை எல்லோருக்கும் விளங்கும் மொழியிலே தருவது. வசதியுள்ள சுதந்திரக் குடிகளின் பிள்ளைகள் முதலில் ஆங்கிலம் வாசிக்கப் பழகுவது. மேற்பதவியை நாடுவோர் அதன்பின் இலத்தீன் கற்பது.

இதைப் பிறருக்குக் கட்டளையிட்டுவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. வேல்ஸ் நாட்டிலிருந்து ஆசரையும், கடலுக்கு அப்பாலிருந்து வேறு அறிஞரையும் அழைத்து, மாணவனாக அவர்கள் முன் அமர்ந்தார். இலத்தீனை வாசித்து மொழிபெயர்க்கத் தொடங்கியது 887ஆம் ஆண்டு, புனித மார்ட்டீனார் திருநாளில் என்கிறார் ஆசர். அப்போது மன்னருக்கு நாற்பது வயதை அண்மித்திருந்தது. இளமைமுதல் நோயும் அவரை வாட்டியது.

அவர் முதலில் தெரிந்துகொண்ட நூல்களுள் ஒன்று, அதே கிரகோரியார் ஆன்ம மேய்ப்பர்களுக்கென எழுதியது. அதை ஆங்கிலமாக்கி ஆயர்களுக்கு அனுப்பினார். வூஸ்டர் ஆயருக்குச் சென்ற பிரதி இன்றும் ஒக்ஸ்போர்ட்டில் உள்ளது. போயேசியுஸ், புனித அகுஸ்தீனார் ஆகியோரின் நூல்களும், முதல் ஐம்பது சங்கீதங்களும் அவர் பெயரால் ஆங்கிலத்தில் வந்தன. அவர் கைப்பட எழுதியது எவ்வளவு என்பதில் இன்றைய ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்துடையவரல்லர். ஆயினும் அம்முயற்சிக்கு உயிரூட்டியவர் அவரே. நாட்டு நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாக ஆங்கிலத்தில் தொகுக்கும் பணியும் அவர் காலத்தில் தொடங்கியது.

899 ஒக்டோபர் 26இல் அல்பிரட் காலமானார். 1066இல் நோர்மானியர் நாட்டைக் கைப்பற்ற, அரசவையில் பிரெஞ்சு மொழி குடியேறியது. ஆங்கிலம் மீண்டும் ஏழைகளின் பேச்சாயிற்று. ஆனால் அல்பிரட் நாளில் தொடங்கிய வரலாற்றுக் குறிப்பை ஒரு மடத்துத் துறவிகள் 1154வரை ஆங்கிலத்திலேயே எழுதிவந்தனர். ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்களையும் ஏற்றுக்கொண்டு அம்மொழி மெல்லத் தலைநிமிர்ந்தது. நீதிமன்றத்தில் வழக்குகள் ஆங்கிலத்தில் நடைபெறவேண்டும் என்று 1362இல் சட்டம் பிறந்தது. 1476இல் வில்லியம் கக்ஸ்டன் அங்கு முதல் அச்சுக்கூடத்தை நிறுவினார்.

வாசகர்களே, அல்பிரட் இலத்தீனை வெறுத்தவரல்லர். அதை வருந்திக் கற்றவர். கற்றதைத் தம் வீட்டு மொழிக்குக் கொண்டுவந்தார் என்பதே அவர் பெருமை. இதற்கெல்லாம் வித்தாக அமைந்ததோ, தாயொருத்தி தன் பிள்ளைகளுக்குக் காட்டிய தாய்மொழிப் புத்தகம் ஒன்றுதான். இன்று இரவு உங்கள் வீட்டில் பிள்ளைகள் கையில் எந்தப் புத்தகம் இருக்கப்போகிறது?