வெட்கம் தந்த கல்வி

மார்க்கத்தைப் பற்றி ஒருவர் நம்மிடம் கேள்வி கேட்கிறார்; விடை தெரியவில்லை. அப்போது நம்மில் சிலருக்குக் கோபம் வருகிறது. சிலர் பேச்சை மாற்றிவிடுகிறோம். தெரியவில்லையே என்று வெட்கப்பட்டு, வீட்டுக்குப் போய்க் கிதாபை எடுத்து உட்காருபவர் வெகு சிலரே. அவ்விதம் உட்கார்ந்த ஒருவருடைய வாழ்வை இங்கே நேயர்கள் முன் வைக்கிறோம். அவர் முஸ்லிம் அல்லர், அமெரிக்கக் கிறிஸ்தவர். வக்கீலாக இருந்து, நாவலாசிரியராகி, துருக்கி சுல்தானின் தர்பாருக்குத் தம் நாட்டுத் தூதராக வந்தவர். பெயர் லூ வாலஸ்.

1827 ஏப்ரல் 10-ஆம் தேதி இந்தியானா மாநிலத்தின் புரூக்வில் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை டேவிட் வாலஸ் வழக்கறிஞர். பின்னாளில் அம்மாநிலத்தின் கவர்னர். ஏழு வயதிலேயே தாயை இழந்த அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தரிக்கவில்லை. காட்டிலும் ஆற்றங்கரையிலும் திரிவான். கையில் புத்தகம் கிடைத்தால் மட்டும் ஓரிடத்தில் அமர்வான். பதினாறு வயதானதும், இனிமேல் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தந்தை சொல்லிவிட்டார். அரசு அலுவலகத்தில் பதிவேடுகளை நகலெடுக்கும் வேலை கிடைத்தது. இடையில் மெக்ஸிகோ யுத்தத்திற்குப் போய் வந்து, 1849-இல் வக்கீலானார். 1852-இல் சூசன் என்னும் மாதரசியை மணந்தார். வக்கீல் தொழில் சோறு போட்டதே தவிர, அவர் மனம் அதில் ஒருநாளும் ஒட்டவில்லை.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஜனாதிபதி லிங்கனின் தரப்பில் படைக்குச் சென்ற வாலஸ், மறு ஆண்டே மேஜர் ஜெனரலானார். அப்போது வயது முப்பத்து நான்கு. ஆனால் அடுத்த மாதமே, 1862 ஏப்ரலில், ஷைலோ என்னுமிடத்தில் நடந்த போர் அவர் பெயரில் ஒரு கறையை ஏற்றிவிட்டது. வந்த உத்தரவு தெளிவாக இல்லை. அவர் ஒரு பாதையில் படையை நடத்திச் சென்றார். தளபதி கிராண்ட் எதிர்பார்த்ததோ வேறு பாதை. முதல் நாள் சண்டை ஓய்ந்த பிறகே அவருடைய படை களத்தை அடைந்தது. இரண்டு நாட்களில் இரு தரப்பிலும் இறந்தோர், காயம்பட்டோர், காணாமற்போனோர் 23,000 பேருக்கு மேல். பழியில் பெரும்பங்கு வாலஸின் தலையில் விழுந்தது. 1864 ஜூலையில் மொனாக்கஸி ஆற்றங்கரையில், தம்மிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட எதிரிப் படையை ஒரு நாள் தடுத்து நிறுத்தித் தலைநகர் வாஷிங்டனைக் காப்பாற்றிக் கொடுத்தார். அப்படியும் ஷைலோவின் பழி நீங்கவில்லை. அதைத் துடைக்க வாழ்நாள் முழுதும் அவர் முயன்றார்.

யுத்தம் முடிந்ததும் மீண்டும் அதே வக்கீல் தொழில். ஓய்ந்த நேரங்களில் எழுதினார். மெக்ஸிகோவை ஸ்பானியர் வென்ற கதையைச் சொல்லும் அவருடைய முதல் நாவல் 1873-இல் வெளிவந்தது.

இனி நாம் சொல்ல வந்த சம்பவம். 1876-ஆம் ஆண்டு, பழைய படைவீரர்கள் கூடும் விழா ஒன்றிற்காக வாலஸ் இண்டியானாபோலிஸ் நகருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அதே வண்டியில் ராபர்ட் இங்கர்சால் இருந்தார். தமிழகத்துப் பகுத்தறிவு மேடைகளில் பலமுறை ஒலித்த பெயர் அது. பாதிரியாரின் மகனாகப் பிறந்தும், இறைவன் உண்டென்பதை ஏற்காமல் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர், அவரும் வக்கீல், அவரும் ஷைலோவில் போரிட்டவர். கடவுள், மறுமை, சுவர்க்கம் என்று பேச்சு தொடங்கியது. இங்கர்சால் ஒவ்வொன்றையும் எடுத்து மறுத்துக்கொண்டே வந்தார். வாலஸோ ஒரு வார்த்தையும் பதில் சொல்ல இயலாதவராக, ஊர் வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டியை விட்டு இறங்கியவர், இரவில் தனியே நடந்தார். இங்கர்சாலின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை; தம் மேல்தான் வெட்கம் வந்தது. பிறந்தது முதல் கிறிஸ்தவர் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். வயதோ ஐம்பதை நெருங்குகிறது. இவர் சொல்வதை ஏற்கவும் தெரியவில்லை, மறுக்கவும் தெரியவில்லையே என்ற எண்ணம் அவரை வாட்டியது. அன்றே, தம் மார்க்கத்தை அடிப்படையிலிருந்து படித்து, தாமே ஒரு முடிவுக்கு வருவதென்று உறுதி செய்துகொண்டார்.

அவர் படித்த விதத்தைப் பாருங்கள். வேத நூலை எடுத்துக்கொண்டார். பலஸ்தீன் நாட்டின் வரைபடத்தை வாங்கி வைத்துக்கொண்டார். ரோமரின் சட்டம், யூதரின் வழக்கங்கள், அக்காலத்துக் கப்பல், தேர், உடை, உணவு என்று நூலகம் நூலகமாகத் தேடினார். பகலெல்லாம் வழக்குகள், இரவெல்லாம் எழுத்து. கோடையில் வீட்டருகே இருந்த பெரிய மரத்தடியே அவருக்கு எழுதும் அறை. 1878-இல் நியூ மெக்ஸிகோ பிரதேசத்தின் கவர்னராக நியமிக்கப்பட்டார். கலகமும் கொலையும் மலிந்திருந்த அந்நாட்டில், பகலின் தொல்லைகள் தீர்ந்த பின் இரவில் எழுதி நூலை முடித்தார். 1880 நவம்பரில் வெளிவந்த அந்நூலே ‘பென்ஹர்’. முதல் ஏழு மாதங்களில் விற்றவை 2,800 பிரதிகளே. பிறகோ, அந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவல் என்ற பெயரை அது பெற்றது. 1959-இல் அது படமாகவும் வந்து, பதினோரு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றி அந்நாவல் கூறுபவை நம் ஈமானுக்கு ஒத்தவை அல்ல என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. அவர்கள் அல்லாஹ்வின் அடியார், தூதர், சிலுவையில் அறையப்படவில்லை, அல்லாஹ் அவர்களைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்பதே நம் நம்பிக்கை. ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. வாலஸ் வந்தடைந்த முடிவை நாம் ஏற்கவில்லை. அவருடைய உழைப்பையே நேயர்கள் முன் வைக்கிறோம்.

1881-இல் ஜனாதிபதி கார்ஃபீல்ட் ‘பென்ஹர்’ நூலைப் படித்து மகிழ்ந்து, வாலஸைத் துருக்கிக்குத் தூதராக அனுப்பினார். அங்கிருந்து இன்னொரு நல்ல நூல் பிறக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. இஸ்தான்புல்லில் அப்போது ஆட்சி செய்தவர் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத். மேல்நாட்டு வல்லரசுகளின் தூதர்கள் பலரும் துருக்கியில் எதைப் பிடுங்கலாம் என்று காத்திருந்த காலம் அது. எதையும் கேட்டு வராத இந்த அமெரிக்கரிடம் சுல்தானுக்கு நம்பிக்கை பிறந்தது. 1882-இல் எகிப்தின்மேல் பிரிட்டன் கை வைத்தபோது, சுல்தானுக்கும் பிரிட்டிஷ் தூதர் டஃப்ரின் பிரபுவுக்கும் இடையே வாலஸ் சமாதானம் பேசினார். பின்னாளில் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தவரே இந்த டஃப்ரின். பேச்சு பலிக்கவில்லை, அலெக்சாந்திரியாவின்மேல் குண்டுகள் விழுந்தன. ஆனாலும் சுல்தானின் நட்பு குறையவில்லை. 1885-இல் பதவி முடிந்தபோது, ஐரோப்பாவில் துருக்கியின் சார்பில் பணியாற்றும்படி சுல்தான் அழைத்தார். வாலஸ் அதை ஏற்காமல் ஊர் திரும்பினார்.

தூதராக இருந்த நாட்களில், அன்று துருக்கியின் ஆட்சியிலிருந்த பைத்துல் முகத்தஸுக்கும் அவர் சென்று வந்தார். கண்ணால் காணாமல், படிப்பை மட்டும் கொண்டு தாம் எழுதிய பாதைகளையும் குன்றுகளையும் நேரில் சரிபார்த்தார். திருத்த வேண்டியது எதுவும் இல்லை என்று கண்டார். படிப்பென்றால் இதுவல்லவா படிப்பு!

1453-இல் சுல்தான் முஹம்மது அல்ஃபாத்திஹ் கான்ஸ்டான்டிநோபிளை வென்றதைப் பின்னணியாகக் கொண்டு, 1893-இல் இன்னொரு நாவலையும் வெளியிட்டார். 1905 பிப்ரவரி 15-ஆம் தேதி, கிராஃபோர்ட்ஸ்வில் நகரில் தம் இல்லத்தில் காலமானார். அவர் படிப்பதற்கென்றே கட்டிக்கொண்ட மண்டபம் இன்று காட்சிசாலையாக இருக்கிறது.

நேயர்களே! கல்வி தேடுவது கடமை என்று சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். ஆனால் பத்து வயதில் மக்தபில் ஓதிய நாலைந்து சூராக்களைக் கொண்டே அறுபது வயதுவரை தொழுகிறோம்; அவற்றின் பொருள் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் வாய்ப்பதில்லை. கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ ஒரு சந்தேகம் கேட்டால், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அதட்டி வாயடைத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை கேள்வியை விட்டுவிடுவதில்லை; விடைக்காக வேறிடம் தேடிப் போகிறது. எங்கே போகிறதோ, யாரிடம் கேட்கிறதோ, நாம் அறியோம்.

தெரியவில்லை என்று பிள்ளையிடம் ஒப்புக்கொள்வதில் இழிவில்லை. தெரியாததைத் தெரிந்தோரிடம் போய்க் கேளாதிருப்பதே இழிவு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே கால் மணி நேரம் போதும். வீட்டார் ஒன்றாக அமர்ந்து, ஓதும் சூராவின் பொருளை ஒவ்வொரு வசனமாகக் கற்றுக்கொள்ளலாம். விளங்காததை மறுநாள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்கலாம். ஐம்பது வயதில் தொடங்குவதற்குத் தயங்குவோர், அந்த இரவில் ரயிலை விட்டிறங்கி நடந்தவரின் வயதை ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள இல்மைத் தந்தருள்வானாக! ஆமீன்.