கற்களைத் தண்ணீரில் இட்டுச் சோதித்த அல்பிரூனி

கடைக்காரர் மாணிக்கம் என்று நீட்டும் சிவப்புக் கல் உண்மையில் மாணிக்கம்தானா? நம்மில் பலருக்கு விற்பவரின் வார்த்தைதான் ஆதாரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதற்குத் தராசில் விடை தேடிய அறிஞர் அபூ ரைஹான் அல்பிரூனி.

ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள காத் என்ற ஊரில் அவர் பிறந்தார். 1017இல் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைக் கைப்பற்றியதும் கஜ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கும் அவருடைய ஆய்வு நிற்கவில்லை. முதுமையில், சுல்தான் மவ்தூதின் காலத்தில், ரத்தினங்களையும் உலோகங்களையும் பற்றிய 'கிதாபுல் ஜமாஹிர்' நூலை எழுதினார்.

அவருடைய சோதனை எளிமையானது. பக்கவாட்டில் சிறு குழாய் வைத்த கூம்பு வடிவப் பாத்திரத்தைக் குழாய் மட்டம் வரை தண்ணீரால் நிரப்புவார். எடை பார்த்த கல்லை உள்ளே இடுவார். வழிந்த தண்ணீரையும் நிறுத்துப் பார்த்து, இரண்டையும் ஒப்பிடுவார்.

பதக்‌ஷான் மலைச் சுரங்கங்களில் கிடைத்த 'லால்' என்ற சிவப்புக் கல் பார்வைக்கு மாணிக்கம் போலவே இருக்கும். ஆனால் மாணிக்கம் தன் கன அளவுள்ள தண்ணீரைவிடச் சுமார் 4 மடங்கு எடை கொண்டது. லால் சுமார் 3.6 மடங்குதான். இரண்டும் வேறு என்று அல்பிரூனி பிரித்துக் காட்டினார். இன்று ஸ்பைனல் எனப்படும் அந்தக் கல்லை, ஐரோப்பிய அரச குடும்பங்கள் பல நூற்றாண்டுகள் மாணிக்கம் என்றே நம்பின. பிரிட்டிஷ் மணிமுடியின் புகழ்பெற்ற 'மாணிக்கமும்' ஸ்பைனல்தான்.

சரந்தீப் கடலில் முத்து கிடைப்பது அவர் காலத்தில் நின்றுபோயிருந்தது. அதே சமயம் ஆப்பிரிக்காவின் சுஃபாலாவில் முத்து கிடைத்ததால், முத்துகள் அங்கே குடிபெயர்ந்துவிட்டதாக மக்கள் பேசிக்கொண்டார்கள். அதை மக்கள் சொல்வதாகவே அவர் பதிவு செய்தார்.

மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் குருடாகும் என்பது அன்றைய நம்பிக்கை. பெரிய நூல்களிலும் அது இருந்தது. அல்பிரூனி பாம்புக்கு மரகத மாலை அணிவித்து, கோடையிலும் குளிரிலுமாக ஒன்பது மாதங்கள் சோதித்தார். பாம்பின் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவருடைய பெயரை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் நோய் தீரும், தொழில் பெருகும் என்று யாராவது சொன்னால், ராசிக்கல் மோதிரத்துக்குக் கடன் வாங்கவும் தயங்காதவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். கேட்டதை விசாரித்து அறியும்படி நம் மார்க்கம் சொல்கிறது. அல்பிரூனி அதைச் செய்து காட்டினார். பிள்ளைகளுக்கு அவர் பெயரோடு அந்தப் பழக்கத்தையும் கற்றுக்கொடுப்போம்.