காலங்கணித்த கோல்டிங்காம்

சென்னை நுங்கம்பாக்கத்திலே ஒரு கருங்கற்றூண் நிற்கின்றது. 1792ஆம் ஆண்டில் எழுந்த வானாய்வுக்கூடத்தின் எச்சம் அது. விண்மீன் நோக்குங் கருவியைத் தாங்கிய அத்தூணிலே தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழாசிரியனாகிய எனக்கு அதன்மேற் பற்று மிகுவது இயல்பே. 1796இல் அக்கூடத்தின் பொறுப்பேற்று, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக 1830 வரை அதனை நடத்தியவர் யோன் கோல்டிங்காம்.

கட்டடக்கலையிலும் வல்லவர் இவர். இன்று இராசாசி மண்டபம் எனப்படும் மாளிகை இவர் வரைந்ததே. 1802இல் சென்னையின் நெடுங்கோட்டை இவர் கணித்தார். அக்கணிப்பிலிருந்து பிறந்த சென்னை நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 செக்கன் முற்பட்டது. 1906இல் இந்தியப் பொதுநேரம் வரும்வரை புகைவண்டிகள் அதன்படியே ஓடின.

ஆயினும், இவருடைய பணிகளுள் நான் தலையாயதாகக் கருதுவது 1821இல் நிகழ்ந்த ஊசல் ஆய்வே. ஊசலை ஆட்டுவது புவியீர்ப்பு. புவி நடுவிலே பருத்துச் சுழல்வதால் மத்தியகோட்டை நெருங்குந்தோறும் ஈர்ப்புக் குறையும், ஊசலும் தாமதிக்கும். இலண்டனிற் சரியாக ஓடும் ஊசல் மணிக்கூடு சென்னையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் பிந்தும். (நம் பொத்துவிலுக்குக் கொணர்ந்தால் இன்னுஞ் சில செக்கன் பிந்தும்.) வெப்பத்தால் ஊசல் நீள்வதையுங் கழித்து, அவ்வேறுபாட்டை இவர் நுணுகி அளந்தார். 1822இல் உதவியாளர் இருவரைச் சுமாத்திராவை அடுத்த சிறுதீவுக்கு அனுப்பி, மத்தியகோட்டருகிலும் அளப்பித்தார். தனித்தீவில் ஊசலை எண்ணிக் கிடந்த அவ்விருவரை இன்று எவர் நினைக்கின்றனர்?

ஈர்ப்பு இடத்துக்கிடம் வேறுபடுதலை அளந்த கோல்டிங்காம், தம் மணிக்கூட்டைத் திருத்துவதற்கு விண்மீன்களையே நம்பினார். அஃதாவது, புவியின் சுழற்சியை நம்பினார். அச்சுழற்சியும் நிலையானதன்று. அறுகங்குடாவில் நாம் நாளுங் காணும் வற்றுப்பெருக்கு, உலகக் கடல்களெங்கும் அதற்குத் தடை செய்கின்றது. அதனால் நாளின் நீளம் நூறாண்டுக்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு கூடுகின்றது. அத்துணைச் சிறிய வேறுபாட்டை அவர் காலத்து மணிக்கூடு எங்ஙனம் காட்டும்?

அவர் 1849இல் மறைந்தார். 1967இல் செக்கனுக்கு இலக்கணம் வகுக்கும் உரிமை புவியை விட்டுச் சீசியம் அணுவுக்குச் சென்றது. அணுமணிக்கூட்டோடு புவியைப் பொருத்துதற்கு 1972 முதல் 2016 வரை 27 செக்கன்கள் சேர்க்கப்பட்டன. அணுமணிக்கூடும் ஈர்ப்புக்குத் தப்பவில்லை. மலைமேல் வைத்தால் அது மிகமிகச் சிறிதளவு விரைந்தோடும்.