புகலிடத்தில் பிறந்த கிரெப்ஸ் வட்டம்

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்றவர்கள் கிரெப்ஸ் வட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பெயர் தந்த ஹான்ஸ் அடோல்ஃப் கிரெப்ஸும் எம்மைப் போலவே தாய்நாட்டை இழந்து வந்தவர் என்பது பலர் அறியாத செய்தி.

1900 ஓகஸ்ட் 25 இல் ஜேர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில், யூத வம்சாவளியைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். மருத்துவம் கற்றபின், 1926 முதல் நான்கு ஆண்டுகள் பேர்லினில் ஒட்டோ வார்பேர்க்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். உயிருள்ள இழையம் உட்கொள்ளும் ஒட்சிசனை அளக்கும் முறையை அங்கேதான் கற்றார். 1932 இல் பிரைபேர்க்கில், ஈரல் யூரியாவை உண்டாக்கும் வழியைக் கண்டறிந்து புகழ் பெற்றார். மறு ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1933 ஏப்ரலில், பிறப்பை மட்டுமே காரணமாக்கி அவருடைய பதவி பறிக்கப்பட்டது.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹொப்கின்ஸ் அழைப்பு விடுத்தார். அதே ஆண்டு யூன் மாதம், தம் அளவைக் கருவிகளுடன் கிரெப்ஸ் இங்கிலாந்தில் கால்வைத்தார். 1935 இல் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கே 1937 இல், மாணவர் வில்லியம் ஜோன்சனுடன் புறாவின் நெஞ்சுத் தசையை ஆராய்ந்தபோது பெரும் உண்மை புலனாயிற்று. உணவிலிருந்து வரும் கூறு நான்கு காபன் கொண்ட அமிலமொன்றுடன் சேர்ந்து சித்திரிக் அமிலமாகிறது. அது படிப்படியாக ஒட்சியேற்றப்பட்டு, சக்தியை விடுவித்து, மீண்டும் பழைய அமிலமாகவே முடிகிறது. இக்கட்டுரையை நேச்சர் சஞ்சிகை இடமில்லையென்று திருப்பியனுப்பியது. ஒல்லாந்துச் சஞ்சிகையொன்றே அதை வெளியிட்டது.

இவ்வட்டம் கண்மூடித்தனமாகச் சுழல்வதில்லை என்பதைப் பின்வந்தோர் கண்டனர். கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி. பெருகினால் வட்டத்தின் முக்கிய நொதியங்கள் வேகம் குறைகின்றன. அது செலவாகி ஏ.டி.பி. மிகுந்தால் வேகம் கொள்கின்றன. நொதியங்கள் சில தம்முள் இணைந்து நின்று, ஒன்றின் விளைபொருளை அடுத்ததற்குக் கைமாற்றுகின்றன. அக்கொனிற்றேஸ் என்னும் நொதியத்தின் நடுவே இரும்பும் கந்தகமும் சேர்ந்த கூட்டொன்று உண்டு. சுவாசத்தின்போதே தோன்றும் சுப்பரொட்சைட் அதைத் தாக்கினால் ஓர் இரும்பணு கழன்று நொதியம் செயலிழக்கிறது. இரும்பு திரும்பச் சேர்ந்தால் மீண்டும் உயிர்பெறுகிறது. சக்தி தரும் ஒட்சிசனே சக்திப் பாதைக்குத் தடையும் ஆகிறது.

1953 இல் கிரெப்ஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடன் அதைப் பெற்ற பிரிட்ஸ் லிப்மனும் ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதரே. 1954 இல் ஒக்ஸ்போர்ட் பேராசிரியரானார். 1958 இல் சேர் பட்டம் பெற்றார். 1981 நவம்பர் 22 இல் மறைந்தார்.

2015 இல் அவருடைய குடும்பத்தினர் நோபல் பதக்கத்தை ஏலத்தில் விற்று, அப்பணத்தில் ஓர் அறக்கட்டளை அமைத்தனர். நாட்டைவிட்டு ஓடிவரும் இளம் விஞ்ஞானிகளுக்கு உதவுவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஓர் அகதிக்கு 1933 இல் திறந்த கதவு, இன்று பிற அகதிகளுக்காகத் திறந்திருக்கிறது.